கரண்டுத் தம்புரா

இந்த ஜென்மத்தில் ஒரு தடவையாவது மேடையில் நின்று பேஸ் கிதார் வாசித்துவிடுவது என்று நான் சபதம் செய்தது மும்பை மாட்டுங்காவில் ஏறிய காலை லோக்கல் ரயிலில், ஒற்றைக் காலில் நின்றபடி. சபதத்துக்குப் பொருத்தமான நிலைதான். அந்தக் காலத்தில் தவம் செய்தவர்களுக்கு இன்னொரு காலை ஊன்ற இடம் இருந்தது, அவர்கள் ஊன்றவில்லை. எனக்கு இடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

காரணம் ஸ்மிதா. எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. தீபாவளி விழாவுக்கு பேஸ் வாசிக்க வேண்டிய பையன் திடீரென்று புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். சபதத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்மிதா என் மேஜைக்கு வந்தாள்.

"வெங்கட் சார், கேன்டீன்ல எத்தனை வருஷமா பேஸ், பேஸ்னு பேசறீங்க. ஒரு தடவை பயப்படாம வாசிச்சுத்தான் காட்டுங்களேன். பிந்தாஸ்."

"எனக்கா? இந்த வயசுலயா?"

"காலேஜ்ல வாசிச்சேன்னு சொன்னீங்களே."

சொன்னது உண்மை. சபா என்ற சிநேகிதனின் கிதாரில் இரண்டு வருடம் விரலைத் தேய்த்திருக்கிறேன். பிறகு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, விரல் பழையபடி வழவழப்பாகிவிட்டது.

பேஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பாட்டுக்கு அடியில் 'தும், தும்' என்று ஒன்று போய்க்கொண்டிருக்குமே, அதுதான். அது இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று தோன்றும். வீட்டில் கணவன் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் கணவன் நின்றுவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறைவதாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் பிடித்த பாடகர் இருப்பார். எனக்குப் பிடித்தவர்கள் எல்லாம் மேடையின் ஓரத்தில் நிற்கிறவர்கள். தாதரில் கிறிஸ்தவக் கல்யாணங்களில் ஜாஸ் வாசிக்கும் பிரகான்ஸா மாமா இருக்கிறாரே, அவருடைய பேஸ் கிதார் இல்லை, நிறுத்திவைத்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி, அவரைவிட ஒரு முழம் உயரம். அதைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். ஒரு தடவை மாப்பிள்ளையும் பெண்ணும் கிளம்பி, நாற்காலியெல்லாம் அடுக்கிய பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டுக்கு என்றால் தாராவி கணேசபாண்டியன். கோயில் கொடை மேடையில் பாடுகிறவர்கள் வியர்த்துக் கொட்டுவார்கள், இவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கீழே ஆடுகிற அத்தனை காலும் அவர் விரலில்தான் இருக்கும். செம்பூரில் ஒரு காலேஜ் போட்டியில் ரஷீதா என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். ராக் இசை. நாலு பையன்கள் தலையை விரித்துப் போட்டுக் குதித்தார்கள், அவள் மட்டும் நகரவில்லை. அவள் இருந்ததால் அது பாட்டு. இல்லாவிட்டால் விபத்து.

நம் கர்நாடக சங்கீதத்தில் மட்டும் ஒரு பேஸ் இல்லையே என்கிற என் மனக்குறையை வந்தனாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். வந்தனா என் மனைவி. நன்றாகப் பாடுவாள். நவராத்திரி வந்துவிட்டால் மாட்டுங்காவில் பாதி வீட்டுக் கொலுவில் அவள் குரல்தான். நான் பேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "ம்" என்பாள். காதில் விழவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சபதம் செய்தாயிற்று. பாண்டுப்பில் ஒருவரிடம் பழைய பேஸ் ஒன்று விலைக்கு இருந்தது, அதையும் பேசி முடித்தாயிற்று. சிக்கல் வேறு. எங்கள் வீடு ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. நான்காவதாக ஒரு சட்டமும் உண்டு. ஒரு சாமான் உள்ளே வந்தால், அதே அளவில் ஒரு சாமான் வெளியே போக வேண்டும். கால் பிடித்துவிடும் மிஷின் வந்தபோது என் சாய்வு நாற்காலி போயிற்று. என் அக்கா வந்து ஒரு வாரம் தங்கியபோது வந்தனா என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

கீழ்வீட்டு நாணுவிடம் யோசனை கேட்டேன். மனைவியைச் சமாளிப்பதில் நாணு பெரிய நிபுணர் என்று எங்கள் கட்டடத்தில் பெயர். அவரை எப்போது பார்க்க வேண்டுமானாலும் மாடிப்படியில்தான் பார்க்க முடியும், வீட்டுக்குள் அவரை விடமாட்டார்கள்.

"ஓய் வேங்கடம், உம்ம சாமானுக்கு எத்தனை தந்தி?"

"நாலு."

"உம்ம ஆத்துத் தம்புராவுக்கு?"

"நாலு."

நாணு பீடாவை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "பின்னெ என்ன ஓய் யோசனை?"

"புரியலையே."

"பழைய தம்புரா வெளியே. புதுத் தம்புரா உள்ளே. கரண்டுல ஓடற தம்புரா. ஆம்படையாளுக்கு ஆசையா வாங்கிண்டு வந்த பரிசு. சட்டத்துக்குச் சட்டம், சந்தோஷத்துக்குச் சந்தோஷம்."

நான் நாணுவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுத் தம்புராவின் குடத்தில் விரிசல் விழுந்து ரொம்ப நாளாயிற்று. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும். அதனால் அந்தக் கதவு முழுசாகத் திறந்ததே கிடையாது. வந்தனா மொபைலில் ஓடுகிற சுருதியை வைத்துத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேஸைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். பக்கத்தில் அதன் ஒலிபெருக்கிப் பெட்டி. வந்தனா கொலுப் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் செட்டியார் பொம்மை.

"என்னன்னா இது?"

"தம்புரா."

"தம்புராவா?"

"கரண்டுத் தம்புரா. லேட்டஸ்ட். உனக்காக வாங்கினேன்."

செட்டியாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"குடம் எங்கே?"

"கரண்டு இருக்கே, குடம் எதுக்கு?"

"கழுத்துல கம்பி கம்பியா மெட்டு வச்சிருக்கே?"

"அழகுக்கு."

"இந்தத் திருகெல்லாம்?"

"அழகுக்குத்தான்."

"ரொம்ப அழகு," என்றாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு மனைவியின் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லையென்றால் கணவன் அந்த நிமிஷமே வீட்டை விட்டு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை.

"மொபைல்லயே சுருதி வரதே, எதுக்குச் செலவு?"

"அதுல ஜீவன் இருக்கா வந்தனா? ஒரு மனுஷா கை பட்டு வர நாதம் வருமா?"

"வாஸ்தவம்," என்றாள். மொபைலை எடுத்தாள், அந்தச் சுருதியை அழித்தாள். பழைய தம்புரா அன்று மத்தியானமே நெருளில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போயிற்று. படுக்கையறைக் கதவு முழுசாகத் திறந்தது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு காபி கேட்டேன், உடனே வந்தது. அதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வந்தனா கேட்டாள். "ஏன்னா, மொபைல் தானா பாடும். இதை யார் மீட்டறது?"

நான் பேஸின் வயரைச் சுருட்டினேன்.

"மனுஷா கை பட்டு வரணும்னேளே. எனக்கு ரெண்டு கைதான், ஒண்ணுல தாளம் போடணும். ஒம்போது நாளும் நீங்கதான்."

"எனக்கு ஆபீஸ் இருக்கே."

"ஆறு மணிக்கு மேலதான் கொலு. ஆசையா வாங்கிண்டு வந்தேள். நீங்களே மீட்டினாத்தான் எனக்கும் ஆசை."

ஸ்மிதாவின் ஒத்திகைகளும் ஆறு மணிக்கு மேல்தான். தாதரில்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு மாமி வீட்டுக் கொலுவில் நான் இருந்த கோலத்தை யோசித்துப் பாருங்கள். மயில்கண் வேஷ்டி. நெற்றியில் விபூதி. சப்பணம் கட்டி உட்கார்ந்து, தொடைமேல் மின்சார பேஸ் கிதாரைத் தம்புரா மாதிரி நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்திருக்கிறேன். கொலுவுக்கு மின்னுகிற சீரியல் பல்பு செருகிய அதே இடத்தில் என் வயரும் செருகியிருக்கிறது. தந்திகளின் சாவியைத் திருகி, தன் ஐந்து கட்டைக்கு வந்தனாவே சுருதி சேர்த்தாள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். தும், தும், தும், தும். மறுபடியும் தும், தும், தும், தும். மெட்டு ஒன்றைக்கூட நான் தொடக்கூடாது. பிரகான்ஸா மாமா பார்த்திருந்தால் வாத்தியத்தை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்.

மாமிகள் உருகிவிட்டார்கள்.

"வந்தனா, நீ கொடுத்து வச்சவ. ஆம்படையானே தம்புரா போடறார்."

"அதென்ன மாமா, பட்டையா இருக்கு?"

"கரண்டுத் தம்புரா," என்றாள் வந்தனா. "அவரே தேடிப் பிடிச்சு வாங்கினார். மேலே இருக்கற கம்பியெல்லாம் அழகுக்காம்."

இரண்டாம் நாள் நாணு என்னை மாடிப்படியில் மடக்கினார். அவர் கையில் ஒரு ஜோடி ஜால்ரா இருந்தது.

"நன்னா இருப்பீரா ஓய்? அவா ஆத்து மாமா தம்புரா போடறார், நீங்க இதையாவது போடுங்கோன்னு கொடுத்துட்டா என் ஆம்படையாள்."

"யோசனை உம்மோடது."

"தம்புரான்னு சொல்லச் சொன்னேன். போய் உக்காரச் சொன்னேனா?"

அன்றைக்குப் பாட்டின் நடுவில் எனக்குக் கை ஊறியது. கணேசபாண்டியன் பாணியில் ஒரே ஒரு சின்ன ஓட்டம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மெட்டில் விரலை வைத்தேன். மூன்று சுரம் போயிருக்கும். வந்தனா பாட்டை நிறுத்தவில்லை, திரும்பவில்லை. இடது கையை மட்டும் லேசாக உயர்த்தினாள். என் விரல் தானாகக் கீழே இறங்கிவிட்டது. கை உயர்த்தியதைத் தாளம் என்று நினைத்து மாமிகள் தலையாட்டினார்கள்.

ஒத்திகைக்கு வராததற்கு ஸ்மிதாவிடம் காரணம் சொல்ல எனக்கு ஒரு பெரியப்பா தேவைப்பட்டார். எனக்குப் பெரியப்பாவே கிடையாது. இருந்தாலும் முதல் நாள் அவருக்கு ஜுரம் வந்தது. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதற்கடுத்து ஐசியூ. நல்ல மனிதர், எனக்காக எவ்வளவோ தாங்கிக்கொண்டார். எட்டாம் நாள் எனக்கு வேறு வழியில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

"அரே, சாரி சார்," என்றாள் ஸ்மிதா. "ஆனா சார், நாளைக்குக் கடைசி சான்ஸ். வரலேன்னா கீபோர்டுல இடது கையால பேஸைச் சமாளிச்சுக்கறோம்."

ஒரு மனிதனின் வாழ்நாள் கனவை இன்னொருத்தனின் இடது கை செய்துவிடும் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் நாள், ஒரு சின்ன வீடு, கூட்டம் அதிகம் இல்லை. வந்தனா ஒரு ராகத்தை எடுத்து மெதுவாகப் பாடிக்கொண்டே போனாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னலில் நரை ஓடியிருப்பதை அன்றுதான் பார்த்தேன். அந்தக் குரல் இத்தனை வருஷமாக என் வீட்டில்தான் இருந்தது. ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டேனா என்று யோசித்தேன். யோசித்ததில் என் விரல் நின்றுவிட்டது. உடனே அவள் திரும்பினாள். ஒரு கணம் குரல் தடுமாறியது. நான் அவசரமாக மீட்டினேன், அவள் மறுபடி பாட ஆரம்பித்தாள். நான் நின்றால் ஒருத்திக்குக் குறைகிறது என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சினேன். சுண்டலில் காரம் அதிகம் என்று பக்கத்து மாமியிடம் சொல்லிவைத்தேன்.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. ஆபீஸ் லீவு. மத்தியானம் வந்தனா அசந்து தூங்கும்போது பேஸை எடுத்துக்கொண்டு தாதருக்கு ஓடிவிடுவது என்று திட்டம். பல் தேய்த்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். பேஸ் அதன் இடத்தில் இல்லை.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களுக்கு மேல், பட்டுத் துணி விரித்துப் படுத்திருந்தது. ஒவ்வொரு திருகிலும் சந்தனப் பொட்டு, குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை.

"வந்தனா, இதை எதுக்குப் பூஜைல வச்சே?"

"வாத்தியமாச்சே. வைக்காம இருக்கலாமா?"

"இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு வேணுமே."

"பூஜைல வச்ச வாத்தியத்தை விஜயதசமிக்கு முன்னாடி தொடப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இன்னிக்கு நான் பாடவும் போகலை. உங்களுக்கு எதுக்கு?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன் மறக்கிற விஷயமா இது. எதிரே சரஸ்வதி. பக்கத்தில் வந்தனா. பொய்யை இதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"வந்தனா, அது தம்புரா இல்லை."

"பூவை அந்தப் பக்கம் நகர்த்துங்கோ."

"நிஜமாத்தான். அது பேஸ் கிதார். நான் பொய் சொன்னேன். ஆபீஸ் விழாவுல வாசிக்கணும்னு வாங்கினேன். இன்னிக்குப் போகலேன்னா என்னை எடுத்துடுவா. எனக்கு இது ஒண்ணுதான் ஆசை."

"தெரியும்."

"எது தெரியும்?"

"எல்லாம்தான்." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்யாணமான முதல் வருஷம் என்னைத் தாராவிக்குக் கூட்டிண்டு போனேள். பாடறவாளைப் பார்க்காதே, அதோ ஓரத்துல நிக்கறாரே, அவரைப் பாருன்னேள். அப்புறம் பிரகான்ஸா மாமா. அப்புறம் அந்த ரஷீதா. இருபத்தாறு வருஷமா காமிச்சுட்டு, இதைக் கொண்டுவந்து தம்புராங்கறேள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, செட்டியாரைக் கீழே போட்டிருப்பேன்."

"நீ 'ம்'னுதானே சொல்லுவே?"

"கேக்கறவாதான் 'ம்'னு சொல்லுவா."

நான் பூவை அந்தப் பக்கம் நகர்த்தினேன்.

"ஒத்திகை நாளைக்குத்தான்," என்றாள். "நான்தான் மாத்தச் சொன்னேன்."

"ஸ்மிதாவையா? உனக்கு எப்படி அவளை…"

"மூணாம் நாளே ஆத்துக்கு ஃபோன் பண்ணி, பெரியப்பா எப்படி இருக்கார்னு விசாரிச்சா. நல்ல பொண்ணு. கொஞ்சம் தேவலைன்னேன். நேத்திக்கு நீங்க அவரைக் கொன்னதும் துக்கம் கேக்க மறுபடி பண்ணினா. கொலு வச்சிருக்கற ஆத்துல எப்படின்னா தீட்டை இழுத்து விடுவேள்? அப்படி ஒரு பெரியப்பாவே கிடையாதும்மான்னு நிஜத்தைச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சா."

"தெரிஞ்சும் எதுக்கு என்னை எட்டு நாள் உக்கார வச்சே?"

வந்தனா மாலையைச் சரிசெய்தாள். சாமந்தி இதழ் ஒன்றைக் கிள்ளினாள்.

"வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பாடறேன். ஒரு நாள் வந்து உக்காந்திருக்கேளா? ஆபீஸும்பேள், லோக்கல் லேட்டும்பேள், தலைவலிம்பேள். ஊர்ல ஓரத்துல நிக்கறவாளையெல்லாம் தேடிப் போய்க் கேக்கற மனுஷர், நடுவுல உக்காந்து பாடற ஆம்படையாளை ஒரு தடவை கேக்க மாட்டாரான்னு இருந்தது. நீங்களா வந்து மாட்டிண்டேள். நான் விடலை."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். நன்றாகப் பாடுகிறாய் என்றும் சொன்னேன். அதைச் சொல்ல இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் ஒத்திகைக்குப் போனேன். ஸ்மிதாவுக்கு ஆச்சரியம். "சார், ஓடாம நிதானமா வாசிக்கறீங்க," என்றாள். நாலு தந்தியை விட்டு நகராமல் எட்டு நாள் உட்கார்ந்தவன் எங்கே ஓடுவது.

தீபாவளி விழா அமர்க்களம். மேடையின் ஓரத்தில், கறுப்புச் சட்டையில் நின்று ஐந்து பாட்டு வாசித்தேன். கூட்டம் முழுக்கப் பாடுகிறவர்களைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் கடைசி வரைக்கும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் பேஸை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். வந்தனா என் தோளில் சாய்ந்தாள்.

"நன்னா வாசிச்சேள்."

"நிஜமாவா?"

"நிஜமா. அதைக் கேட்டப்புறம்தான் மார்கழிக்கு உங்க பேரைக் கொடுத்துடலாம்னு தீர்மானிச்சேன்."

"மார்கழிக்கா?"

"தெருத் தெருவா நடந்து பாடற பஜனைக்கு. நடந்துண்டே தம்புரா மீட்ட முடியாதேன்னு எல்லாருக்கும் ரொம்ப நாளாக் குறை. இதுல தோள்ல மாட்டிக்க பெல்ட் இருக்கே."

"தெருவுல கரண்டுக்கு எங்கே போறது?" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

"பேட்டரிப் பெட்டி வாங்கிட்டேன். முப்பது நாளும் காலம்பர நாலரைக்கு, குளிச்சுட்டு."